இம்பூபே: பெயர் உதிர்ந்த ஒரு பாட்டின் வரலாறு

உலகம் இன்று ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்னும் ஆங்கிலத் தலைப்பால் அறிந்திருக்கும் பாடல், 1939ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஜோகனஸ்பர்க் நகரில், சூலு மொழியில், ‘இம்பூபே’ என்ற பெயரோடு பிறந்தது. சிங்கம் என்பது அச்சொல்லின் பொருள். 150க்கும் மேற்பட்ட கலைஞர்கள் இதுவரை பதிவு செய்துள்ள இப்பாட்டு, கடந்த நூற்றாண்டின் வெகுசன இசையில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட படைப்புகளுள் ஒன்றாகும். ஒருவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை வேறொருவர் தம் குரலிலும் தம் பாணியிலும் மீண்டும் பதிவு செய்வதை இசைத்தொழிலில் கவர் வெர்ஷன் என்பர். இங்கு அது மறுபதிவு என்றே சுட்டப்படுகிறது. ஒரே மூலத்திலிருந்து பல கிளைகள் பிரிவதைப் போல மறுபதிவுகள் தோன்றுவதாகப் பொதுவாக எண்ணுவதுண்டு. இப்பாட்டின் வரலாறோ வேறு விதமானது. பிற்காலப் பாடகர்களுள் பெரும்பாலோர் மூல இசைத்தட்டைக் கேட்டவர்கள் அல்லர். தமக்கு முந்திய மறுபதிவைக் கேட்டே பாடினர். பாட்டு ஒவ்வொரு முறை கைமாறியபோதும் இயற்றியவரின் பெயர் சற்றே மங்கி, இறுதியில் உரிமை ஆவணங்களிலிருந்தும் நீங்கியது. அந்த மறைவுக்குச் சிலரது பேராசை மட்டுமே காரணம் என்று கூறுவது எளிது. ஆயினும் ‘மரபுப் பாடல்’ என்ற ஒரு வகைப்பெயர் அதைவிட ஆழமான தீங்கை விளைவித்தது என்பதே சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது தெளிவாகிறது.

பாட்டை இயற்றியவர் சாலமன் லிண்டா. அவர் 1909இல் நேட்டால் மாகாணத்தின் எம்சிங்கா பகுதியில், பொமராய் என்னும் சிற்றூருக்கு அருகே பிறந்தார். 1913இல் காந்தியின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து நடந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் உழைத்த டண்டி, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குத் தெற்கே அமைந்த வறண்ட மலைப்பகுதி அது. மாடு மேய்க்கும் சிறுவர்கள் கன்றுகளைக் கொல்ல வரும் சிங்கத்தை விரட்டியாக வேண்டியிருந்த அந்த வாழ்க்கையே பாட்டின் கரு. மிஷன் பள்ளியில் படித்த லிண்டா, அங்கே தேவாலயக் கீர்த்தனைகளின் பல்குரல் அமைப்பைக் கற்றார். பல்குரல் என்பது பலர் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுவது அன்று. வெவ்வேறு உயரத்தில் வெவ்வேறு மெட்டுகளை ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று இயையும்படி பாடுவது.

1931இல் பிழைப்புத் தேடி ஜோகனஸ்பர்க் வந்த லிண்டா முதலில் ஓர் அறைகலன் கடையிலும் பின்னர் கார்ல்டன் ஓட்டலிலும் வேலை பார்த்தார். தங்கச் சுரங்கங்களின் நகரமான ஜோகனஸ்பர்க், கிராமங்களிலிருந்து வந்த கறுப்பின ஆண்களைக் குடும்பமின்றித் தொழிலாளர் விடுதிகளில் அடைத்து வைத்திருந்தது. வாரம் முழுதும் உழைத்த அந்த ஆண்களுக்குச் சனிக்கிழமை இரவுகளில் விடுதிக் கூடங்களில் நடந்த பாட்டுப் போட்டிகளே பெருங்கொண்டாட்டமாக இருந்தன. ஊர் வாரியாகவும் உறவு வாரியாகவும் குழுக்கள் அமைந்தன. அவர்கள் பாடிய இசையைத் தூய பழங்குடி மரபு என்று கருதுவது பிழையாகும். 1890களில் ஆர்ஃபியஸ் மெக்கடூ என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தம் பாடகர் குழுவுடன் தென்னாப்பிரிக்கா முழுவதும் சுற்றி நிகழ்ச்சிகள் நடத்தியபோது, அவர்களது குழுப்பாடல்கள் கேட்டோரை ஆழமாகத் தொட்டன. அந்த அமெரிக்கத் தாக்கமும், மிஷன் கீர்த்தனையும், சூலு மக்களின் கல்யாணப் பாட்டும் கலந்தே விடுதிகளின் புதிய இசை உருவாயிற்று. நவீன நகரம் உண்டாக்கிய நவீனக் கலை அது. பிற்காலத்தில் இப்பாட்டைத் தொன்மையான காட்டுப்பாடலாகக் கற்பித்தோர் முதலில் மறைத்தது இந்த உண்மையையே.

லிண்டாவின் குழுவுக்கு ஈவினிங் பேர்ட்ஸ் என்று பெயர். அவருடன் கில்பர்ட் மடோண்டோ, பாய் சிபியா, கிடியன் ம்கிசே, சாமுவேல் ம்லங்கேனி, ஓவன் சிகாகானே ஆகியோர் பாடினர். கோடு போட்ட கோட்டும் பளபளக்கும் காலணியும் ஒரே சீராக அணிந்து மேடையேறிய குழு என்று அவர்கள் பேர்பெற்றனர். எனினும் அவர்களது உண்மையான புதுமை குரல் அமைப்பில் இருந்தது. மற்றக் குழுக்களில் ஒருவர் மட்டும் தாங்கிய அடிக்குரலை இங்கே பலர் சேர்ந்து தாங்கினர். அந்தத் தடித்த அடித்தளத்தின்மேல் லிண்டா, கர்நாடக இசை வட்டாரங்களில் கள்ளக்குரல் எனப்படும் மெல்லிய உச்சக் குரலில் தனித்து உலவினார். சட்ஜம், மத்யமம், பஞ்சமம் ஆகிய மூன்று சுரங்களை அடியாகக் கொண்ட மூன்று சுரக்கூட்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரத் தொகுதிகள், மாறி மாறி வட்டமாகச் சுழல்வதே பாட்டின் கட்டமைப்பு. தொடக்கமோ முடிவோ கட்டாயமில்லாத அச்சுழற்சியால்தான் இப்பாட்டை எந்த நாட்டுப் பாடகரும் எந்த வாத்தியத்தோடும் எளிதாக எடுத்தாள முடிந்தது.

இத்தாலிய வம்சாவளி வணிகரான எரிக் காலோவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1939இல் பதிவு நடந்தது. காலோ நிறுவனத்துக்குக் கறுப்பினக் கலைஞர்களைத் தேடிக் கொணர்ந்தவரும் அன்றைய பதிவை நடத்தியவரும், தாமும் ஒரு மேடைக் கலைஞரான கிரிஃபித்ஸ் மொட்சியெலோவா. முதல் இரு முயற்சிகள் திருப்தி தராமையால் அவர் ஒரு பியானோ, ஒரு கிதார், ஒரு பான்ஜோ ஆகியவற்றைத் துணைக்குச் சேர்த்து மூன்றாம் முறை பதிவு செய்தார். அந்த மூன்றாவது பதிவில், தட்டு முடியச் சில நொடிகளே இருந்த நிலையில், லிண்டா முன்கூட்டித் திட்டமிடாத ஒரு மெட்டை உச்சக் குரலில் இழைத்தார். மனோதர்மம் என்று தமிழிசை மேடை அழைக்கும் உடனடிக் கற்பனை அது. பாட்டின் பெரும்பகுதியில் இல்லாத அந்த மெட்டே 22 ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலச் சொற்கள் ஏற்று உலகம் முழுதும் பரவியது. ஒரு கலைஞனின் தனிப்பட்ட கற்பனைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறொரு பாட்டில் கிடைப்பது அரிது. கூட்டுமரபில் தானாக ஊறி வந்ததன்று அம்மெட்டு, ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட தொண்டையில் பிறந்தது.

‘இம்பூபே’ ஆப்பிரிக்காவில் பெருவெற்றி பெற்றது. 1940களின் இறுதிக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் தட்டுகள் விற்றதாகக் கணக்கிடப்படுகிறது. பாட்டின் தலைப்பே ஓர் இசைவகையின் பெயராகி, அப்பாணியில் பாடிய குழுக்களை எல்லாம் இம்பூபே குழுக்கள் என்று அழைக்கலாயினர். பின்னர் அவ்வகை ஓசை குறைந்து, நுனிக்கால் நடனத்தோடு சேர்ந்து ‘இசிகதமியா’ என்று பெயர் பெற்றது. ஜோசப் ஷபலாலா நிறுவிய லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழு 1986இல் பால் சைமனின் ‘கிரேஸ்லாண்ட்’ இசைத்தொகுப்பின் வழியே உலகப் புகழ் எய்தியபோது, அது பாடியது லிண்டாவின் வழிவந்த இசையையே. இவ்வளவு பெரிய மரபின் முன்னோடிக்குக் கிடைத்த ஊதியமோ ஒரு சிறு தொகை மட்டுமே. ஏறத்தாழ 10 ஷில்லிங் என்பது பொதுவாகக் கூறப்படும் அளவு. விற்பனைக்கேற்பப் படைப்பாளிக்குச் செல்லும் பங்கான ராயல்டியைக் கறுப்பினக் கலைஞருக்கு வழங்கும் வழக்கம் அன்று அங்கே இல்லை. பின்னாளில் லிண்டா அதே நிறுவனத்தின் தட்டுகளைக் கட்டி அனுப்பும் பிரிவில் தரை கூட்டித் தேநீர் கொடுக்கும் வேலையில் அமர்ந்தார்.

1940களின் இறுதியில் காலோ நிறுவனத்தின் தட்டுகள் சில நியூயார்க்கில் உள்ள டெக்கா நிறுவனத்துக்குச் சென்றன. நாட்டார் இசைத் தொகுப்பாளரான ஆலன் லோமாக்ஸ், வீணாகத் தூக்கி எறியப்படவிருந்த அத்தட்டுகளை மீட்டுத் தம் நண்பரும் பாடகருமான பீட் சீகரிடம் கொடுத்தார். சூலு அறியாத சீகர், தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சுரப்படுத்தியபோது, அடிக்குரல்கள் முழங்கிய ‘உயிம்பூபே’ என்ற தொடர் அவர் செவியில் ‘விமோவே’ என்று விழுந்தது. பொருளற்ற அந்த ஒலியே புதிய தலைப்பாயிற்று. சீகர், லீ ஹேஸ், ரோனி கில்பர்ட், ஃபிரெட் ஹெல்லர்மன் ஆகியோர் அடங்கிய வீவர்ஸ் குழு, கார்டன் ஜென்கின்ஸின் பெரிய இசைக்குழுவைத் துணையாகக் கொண்டு இதைப் பதிவு செய்ய, 1952இன் தொடக்கத்தில் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஏறியது. ஏறிய வேகத்தில் நின்றும் போயிற்று. கம்யூனிஸ்ட் தொடர்பு உண்டு என்ற குற்றச்சாட்டால் அதே ஆண்டில் வீவர்ஸ் குழுவுக்கு வானொலியும் அரங்குகளும் கதவடைத்தன.

பெயர் உதிர்வது தொடங்கியது இக்கட்டத்தில்தான். வீவர்ஸ் குழுவினர் மரபுப் பாடல்களைத் தழுவிப் பாடும்போது ‘பால் கேம்பல்’ என்னும் கற்பனைப் பெயரில் உரிமை பதிவு செய்வது வழக்கம். உண்மையில் அப்படி ஒருவர் இல்லை. எவருக்கும் உரியதல்லாத பாட்டுகளிலிருந்து வரும் வருவாயைக் குழுவினரும் வெளியீட்டாளரும் பெறுவதற்கான ஏற்பாடு அது. ‘விமோவே’யும் அப்பெயரில் பதிவாயிற்று. இயற்றியவர் உயிரோடு இருந்தார். மூலத் தட்டில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. எனினும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் அது மரபுப் பாடல் ஆகிவிட்டது. நியூயார்க்கிலிருந்து வந்த பாட்டுக்கு ஆசிரியர் உண்டு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பாட்டுக்கு இனம் மட்டுமே உண்டு என்ற இந்தப் பாகுபாடு, ஏழைகளிடம் உண்மையான பரிவு கொண்ட இடதுசாரிக் கலைஞர்களிடமும் நிலவியது. சீகரின் நேர்மையை ஐயுறத் தேவையில்லை. விவரம் அறிந்தபின் அவர் லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பியதோடு, தமக்குரிய பங்கையும் அவருக்கே கொடுக்குமாறு வெளியீட்டாளரிடம் கூறினார். அந்த அறிவுரை உரிய முறையில் நிறைவேறவில்லை. தென்னாப்பிரிக்காவில் உரிமை கோரிய காலோ நிறுவனமோ, ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் பாட்டைக் கையாளும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டு, அமெரிக்க உரிமையை ஹோவி ரிச்மண்டின் வெளியீட்டு நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்தது. பாட்டின் மிகப் பெரிய சந்தை அவ்வாறு கைமாறியது. 1952இல் லிண்டாவும் தம் உரிமைகளைக் காலோ நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் ஜிம்மி டார்சி, பெரு நாட்டுப் பாடகி இமா சுமாக், கிங்ஸ்டன் ட்ரியோ எனப் பலர் ‘விமோவே’யைப் பாடினர். 1960இல் நாடு திரும்ப முடியாமல் அமெரிக்காவில் வாழ்ந்த மிரியம் மகேபா, சூலுச் சொற்களையும் ‘இம்பூபே’ என்ற தலைப்பையும் மீட்டுப் பாடினார். வீவர்ஸின் பதிவையல்லாமல் தம் மண்ணின் பாட்டையே பாடிய அவருடைய பதிவு அக்கால மறுபதிவுகளுள் தனித்து நிற்கிறது.

1961இல் நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த டோக்கன்ஸ் என்னும் இளைஞர் குழு ஆர்சிஏ நிறுவனத்தில் இப்பாட்டைப் பாட விரும்பியது. தயாரிப்பாளர்களான ஹியூகோ பெரெட்டியும் லூயிஜி கிரியேட்டோரும், மெட்டு இருந்தாலும் பாடுவதற்குச் சொல் இல்லை என்று கருதி, ஜார்ஜ் டேவிட் வைஸ் என்ற பாடலாசிரியரை அழைத்தனர். வைஸ் செய்த வேலையில் தொழில்திறம் இருந்தது என்பதை மறுக்க இயலாது. லிண்டா தட்டின் இறுதியில் ஒருமுறை மட்டும் இழைத்த மெட்டைப் பிரித்தெடுத்து, அதையே முதன்மை மெட்டாக்கி, காட்டில் சிங்கம் உறங்குவதைப் பற்றிய எளிய ஆங்கில வரிகளை அதன்மேல் பொருத்தினார்; ‘விமோவே’ என்ற முழக்கம் பின்னணிக்குச் சென்றது; அனிட்டா டேரியன் என்ற இசைநாடகப் பாடகியின் மேற்குரல் அதன்மேல் மிதந்தது. கன்றுகளைக் காக்கச் சிங்கத்தை விரட்டிய சிறுவனின் பாட்டு இவ்வாறு தாலாட்டாக மாறியது. ஒரு தட்டின் பின்பக்கத்தில், அதாவது முதன்மையாகக் கருதப்படாத பாட்டுக்கு ஒதுக்கப்படும் பக்கத்தில், வெளிவந்த இது 1961 டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்து மூன்று வாரம் அங்கேயே இருந்தது. தட்டில் இயற்றியவர்களாக அச்சான பெயர்கள் வைஸ், பெரெட்டி, கிரியேட்டோர் ஆகிய மூன்றே. லிண்டாவின் பெயர் இல்லை. ‘விமோவே’ மரபுப் பாடல் என்று முன்பே சொல்லப்பட்டுவிட்டதால், அதன்மேல் புதிதாகக் கட்டியதைத் தமதென்று கூற அவர்களுக்கு எந்தத் தடையும் தோன்றவில்லை.

சாலமன் லிண்டா 1962 அக்டோபரில் சிறுநீரகச் செயலிழப்பால் இறந்தார். அப்போது அவரது வங்கிக் கணக்கில் இருந்த தொகை அற்பமானது. கல்லறைக்குக் கல் நாட்டக் குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அதன் பிறகான மறுபதிவுகளை விரித்துரைக்கத் தேவையில்லை. அவை பெரும்பாலும் டோக்கன்ஸ் பதிவின் சாயல்களே. 1962இல் பிரிட்டனில் கார்ல் டென்வரும் பிரான்சில் ஆன்ரி சல்வதோரும் பாடி வெற்றி கண்டனர். பிரெஞ்சு வடிவத்தில் சிங்கம் உறங்கவில்லை, செத்தே போயிற்று. 1972இல் ராபர்ட் ஜானின் பதிவு அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை சென்றது. 1982இல் டைட் ஃபிட் குழு பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது. இடையே பிரையன் ஈனோ போன்ற பரிசோதனைக் கலைஞரும் இதைத் தொடாமல் விடவில்லை. 1994இல் டிஸ்னி நிறுவனத்தின் ‘தி லயன் கிங்’ திரைப்படத்தில் கீரியும் காட்டுப்பன்றியும் நடந்துகொண்டே இப்பாட்டின் ஒரு துண்டைப் பாடும் காட்சி, அதற்கு மற்றொரு தலைமுறைக் கேட்போரைச் சேர்த்தது. இக்கால அளவில் குடும்பத்துக்கு எதுவுமே செல்லவில்லை என்று கூற முடியாது. ‘விமோவே’ வடிவத்திலிருந்து சிறு தொகைகள் சென்றன. அதே வேளையில், 1983இல் லிண்டாவின் மனைவி ரெஜினாவும் 1992இல் மகள்களும் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணங்களில் கையெழுத்திட்டிருந்தனர். மகள்களுள் ஒருவர் 2001இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரியான் மாலன் 2000ஆம் ஆண்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் எழுதிய நெடுங்கட்டுரை, பாட்டு ஈட்டியிருக்கக்கூடிய ராயல்டி 1.5 கோடி டாலர் அளவினது என மதிப்பிட்டு, ஒப்பந்தங்களின் வரலாற்றை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்தது. அதைத் தொடர்ந்து பதிப்புரிமைச் சட்ட வல்லுநரான ஓவன் டீன் குடும்பத்தின் சார்பில் களமிறங்கினார். கையெழுத்திட்ட ஆவணங்கள் எல்லாம் குடும்பத்துக்கு எதிராக நின்ற நிலையில், அவர் நாடியது 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டத்தில் மறக்கப்பட்டுக் கிடந்த ஒரு விதியை. படைப்பாளி தம் வாழ்நாளில் உரிமையை யாருக்கு விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தபின் அது வாரிசுகளின் நலனுக்காக அவரது சொத்தில் மீண்டும் சேரும் என்பது அவ்விதியின் சாரம். நாவலாசிரியர் டிக்கன்ஸின் பெயரால் சட்டத்துறையில் அது வழங்கப்படுகிறது. விற்கும் வேளையில் தம் படைப்பின் மதிப்பை அறியாத கலைஞனின் குடும்பத்தைக் காக்கவே அது இயற்றப்பட்டது. பேரரசின் ஆளுகைக்குட்பட்ட நாடுகள் பலவற்றிலும் அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. இந்தியாவிலும் 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, 1957ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்துக்கு வரும்வரை செல்லுபடியானது. லிண்டா 1952இல் எழுதிக் கொடுத்த உரிமை, இவ்விதியின்படி 1987இல் அவரது சொத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆகவே அதற்குப் பின் அந்நாடுகளில் பாட்டைப் பயன்படுத்தியவர்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தினர் என்பதே டீனின் வாதம்.

2004இல் தென்னாப்பிரிக்காவில் டிஸ்னிக்கு எதிராக வழக்குத் தொடுக்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனத்தை உள்நாட்டு நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் கொண்டுவர அந்நாட்டில் அதற்குள்ள சொத்தை முடக்க வேண்டும் என்பதால், டொனால்ட் டக் உட்பட டிஸ்னியின் வணிகச் சின்னங்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை நீதிமன்ற ஆணையால் முடக்கப்பட்டன. உரிமையை வைத்திருந்த அபிலீன் மியூசிக் நிறுவனம் விசாரணைக்கு முன்பே உடன்பாட்டுக்கு வந்தது. 2006 பிப்ரவரியில் எட்டிய அவ்வுடன்பாட்டின்படி, கடந்த கால வருவாய்க்காக ஒரு தொகையும் எதிர்கால வருவாயில் பங்கும் குடும்பத்துக்குக் கிடைத்தன; அவற்றை நிர்வகிக்க ஓர் அறக்கட்டளை அமைந்தது; சாலமன் லிண்டா ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ பாடலின் இணை இசையமைப்பாளராக ஏற்கப்பட்டார். தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை.

இந்த முடிவைச் சிலர் முழு வெற்றி என்கின்றனர். அவ்வாறு கூறுவது மிகையாகும். பாட்டின் செழிப்பான ஆண்டுகள் கழிந்தபின், இயற்றியவர் இறந்து 44 ஆண்டுகள் சென்றபின் வந்த உடன்பாடு அது. உரிமையின் எல்லையைத் தீர்ப்பால் நிறுவும் வாய்ப்பும் விசாரணை நடவாமையால் நழுவியது. விசாரணை நடந்திருந்தால் அவ்விதி வேறு பல காலனி நாடுகளின் கலைஞர் குடும்பங்களுக்கும் பயன்பட்டிருக்கக்கூடும். எனினும் ஒரு பெயர் ஆவணத்தில் மீண்டும் ஏறியது சிறிய செய்தியன்று. நாட்டார் பாடல்களைத் தொகுப்போரும் அவற்றைத் திரைக்கும் மேடைக்கும் கொண்டுசெல்வோரும், தமிழகத்திலும் வேறெங்கும், ஒரு பாட்டின்மேல் ‘மரபு’ என்று எழுதுவதற்கு முன் பாடியவரிடம் அதை யார் கட்டினார் என்று ஒருமுறை கேட்க வேண்டும். வாசகரும் இப்பாட்டை அடுத்த முறை எந்த வடிவத்தில் கேட்க நேர்ந்தாலும், மூன்று நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் 1939ஆம் ஆண்டுப் பதிவைத் தேடி முழுதாகக் கேட்க வேண்டும். எளிதில் கிடைக்கும் அப்பதிவின் கடைசி நொடிகளில் ஒலிப்பது லிண்டாவின் சொந்தக் குரல்.